மாதக்கணக்கில் சும்மா கிடந்த மின்சைக்கிள் பேட்டரி ஏன் சார்ஜ் ஏற மறுக்கிறது?

நவம்பரில் மழை பிடித்ததும் மின்சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய், பொங்கலையும் முடித்துக்கொண்டு திரும்பி, வேலை மும்முரத்தில் இன்னும் சில வாரம் தள்ளிப்போட்டு, கடைசியில் ஒருநாள் சார்ஜரைச் செருகினால் பேட்டரி அசையவே மாட்டேன் என்கிறது. சார்ஜரில் பச்சை விளக்கு எரிகிறது, பேட்டரியில் ஒரு புள்ளிகூட எரியவில்லை. இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருப்பவர்கள் பனிக்காலம் முடிந்ததும் கேட்கும் கேள்விகள். நாம் இருக்கும் சிங்கப்பூரில் பனிக்காலம் ஏது? ஆனால் பிரச்சினை மட்டும் அச்சு அசலாக அதேதான், ஏனென்றால் பேட்டரியைக் கெடுப்பதில் குளிருக்கு இருக்கும் பங்கைவிட சும்மா கிடப்பதற்கு இருக்கும் பங்கு பெரியது.

சார்ஜ் ஏறாத பேட்டரி எல்லாம் செத்த பேட்டரி இல்லை. பல நேரம் கோளாறு பேட்டரிக்கு வெளியே இருக்கும், அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். உள்ளே என்று தெரிந்துவிட்டால் அதோடு நம் வேலை முடிந்தது, மேற்கொண்டு கை வைக்கக் கூடாது. வெளியேயா உள்ளேயா என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் போதும். அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது

பேட்டரி என்று நாம் தூக்கிக்கொண்டு போகும் அந்தப் பெட்டிக்குள் விரல் தடிமனில் சின்னச் சின்ன லித்தியம் செல்கள் நிறைய இருக்கும். செல்களைச் சில சிலவாகப் பக்கவாட்டில் சேர்த்து ஒரு குழு ஆக்கி, அந்தக் குழுக்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்திருப்பார்கள். 36 வோல்ட் பேட்டரியில் இப்படிப் பத்துக் குழு, 48 வோல்ட் பேட்டரியில் பெரும்பாலும் பதிமூன்று. ஒரு குழு முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட், அதனால் 36 வோல்ட் பேட்டரி நிறையும்போது உண்மையில் 42 வோல்ட் காட்டும். குழுவுக்கு 3 வோல்ட் அளவுக்கு இறங்கிவிட்டால் காலி என்று வைத்துக்கொள்ளலாம், அதாவது மொத்தம் 30 வோல்ட். 48 வோல்ட் வகையில் நிறைந்தால் 54.6, காலியானால் 39. இந்த எண்கள் கடைசி வரை உதவும், எங்காவது குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

செல்களோடு கூடவே ஒரு சின்ன மின்சுற்றுப் பலகையும் உள்ளே இருக்கும். பிஎம்எஸ் என்பார்கள், பேட்டரியை மேற்பார்வை செய்யும் பலகை. ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் அது தனித்தனியாகக் கண்காணிக்கிறது. எந்தக் குழுவாவது அளவுக்கு மீறி ஏறினாலோ, அளவுக்குக் கீழே இறங்கினாலோ, சூடு அதிகமானாலோ இணைப்பைத் துண்டித்துவிடும். நல்ல பேட்டரிகளில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனாலும் சார்ஜ் ஏற்ற விடாது, அந்தக் குளிரில் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே செல்லுக்குள் படிந்து செல் பாழாகிவிடும். டொராண்டோவில் இருப்பவர்களிடம் பேட்டரியைக் கராஜில் விடாதே, வீட்டுக்குள் கொண்டுபோய் வை, சார்ஜ் போடுவதற்கு முன் அறைச்சூட்டுக்கு வரட்டும் என்றெல்லாம் சொல்வது இதனால்தான். நமக்கு இதன் மறுபக்கம்தான் பொருந்தும். மதியம் வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரியைக் கழற்றி அப்படியே சார்ஜரில் மாட்டினால் சில பேட்டரிகள் மறுத்துவிடும். பெரும்பாலான லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது 45 டிகிரிதான் மேல் வரம்பு. அரை மணி நேரம், ஒரு மணி நேரம் நிழலில் வைத்துவிட்டுத் திரும்பச் செருகிப் பாருங்கள், அதிலேயே சரியானாலும் ஆகலாம்.

சரி, சும்மா கிடந்த பேட்டரி எப்படிக் காலியாகிறது? லித்தியம் செல் தானாகவே மெல்ல மெல்ல இறங்கும், சூடான இடத்தில் கொஞ்சம் வேகமாகவே இறங்கும். அதோடு, செல்களைக் கண்காணித்துக்கொண்டிருக்கும் அந்தப் பலகைக்கும் மின்சாரம் வேண்டுமே, அதையும் அதே செல்களிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 ஆம்பியர்-மணி (எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதன் அளவு) பேட்டரி, பலகையும் வண்டியில் மாட்டியிருக்கும் திரையும் சேர்ந்து ஒரே ஒரு மில்லிஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 24 மில்லிஆம்பியர்-மணி, மாதத்துக்கு 720. அதாவது பேட்டரியில் 7 சதவீதத்துக்கு மேல். முழுச் சார்ஜில் விட்டிருந்தால் இது பெரிய விஷயமில்லை. ஆனால் கடைசிக் கோடு மினுக்கிக்கொண்டிருந்த பேட்டரியை “வந்து போட்டுக்கலாம்” என்று வண்டியிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால் இரண்டாவது மாதத்திலேயே அபாயக் கோட்டைத் தாண்டியிருக்கும்.

முதலில் வெளியே பாருங்கள்

ரொம்பச் சாதாரணமான இடத்திலிருந்து தொடங்குங்கள். சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டிருக்கிறீர்களா, அதே பிளக்பாயிண்டில் வேறொரு கருவி வேலை செய்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், பழுது என்று கடைக்குப் போகும் பொருள்களில் இந்த வகையும் உண்டு.

அடுத்தது பிளக். நம் ஊர் மூன்று முனை பிளக்குக்குள் ஒரு ஃபியூஸ் இருக்கிறது என்பதே பலருக்கு நினைவில் இருக்காது. பிளக்கைத் திருப்பி முனைகள் இருக்கும் பக்கத்தைப் பாருங்கள், நடுவில் சின்னதாக ஒரு மூடி தெரியும், பெரும்பாலும் சிவப்பிலோ கறுப்பிலோ. சுவரிலிருந்து முழுசாகப் பிடுங்கிய பிறகு சின்னத் திருப்புளியால் அதை நெம்பினால் ஓர் அங்குல நீளத்தில் வெள்ளைப் பீங்கான் உருளை ஒன்று வெளியே வரும், மேலே 3, 5, 13 என்று ஆம்பியர் அளவு எழுதியிருக்கும். மல்டிமீட்டரை (மின்சாரத்தை அளக்கும் சின்னக் கருவி) சத்தம் போடும் அமைப்பில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டால் ‘பீப்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஃபியூஸ் போய்விட்டது, அதே ஆம்பியர் அளவில் புதிது வாங்கிப் போடுங்கள். புதிதும் உடனே போய்விட்டால் சார்ஜருக்குள் ஷார்ட் என்று அர்த்தம், அதை இன்னொரு தடவை செருக வேண்டாம். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கிற யோசனையும் வேண்டாம்.

மல்டிமீட்டர் இல்லையென்றால் ஒன்று வாங்கிவிடுவது நல்லது, விலை குறைந்ததே போதும். ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களுக்கு நடக்கிற தூரம்தான்.

இப்போது சார்ஜர். அதன் முதுகில் ஒட்டியிருக்கும் தாளில் வெளியீடு எவ்வளவு என்று இருக்கும். 36 வோல்ட் பேட்டரிக்கு 42 வோல்ட், 48 வோல்ட் பேட்டரிக்கு 54.6. வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் சார்ஜர்கள் மாறிப்போயிருக்கலாம், எண்ணை ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காகப் பெரிய வோல்ட் சார்ஜரைச் சின்னப் பேட்டரியில் மாட்டவே கூடாது. பேட்டரியில் மாட்டாமல் சார்ஜரை மட்டும் சுவரில் செருகி, மல்டிமீட்டரை நேர்மின்சாரத்தில் (DC) 200 வோல்ட் அளவுக்கு வைத்து, வெளியே வரும் முனையில் அளந்து பாருங்கள். தாளில் உள்ள எண்ணுக்கு நெருக்கமாகக் காட்டினால் அநேகமாகச் சார்ஜர் நல்ல நிலையில் இருக்கிறது. பூஜ்யம் காட்டினால் உடனே தூக்கிப் போட்டுவிட வேண்டாம், சில சார்ஜர்கள் எதிரே பேட்டரி இருப்பதை உணர்ந்தால்தான் மின்சாரமே விடும். அந்த வகை என்றால் அதே மாடல் வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் சார்ஜரைக் கொடுத்து அவர் பேட்டரியில் வேலை செய்கிறதா என்று பார்ப்பதுதான் சுலபமான வழி. அளக்கும்போது மீட்டரின் இரண்டு ஊசிகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பச்சை விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணச் சார்ஜர்களில் பச்சை என்றால் ‘நிறைந்துவிட்டது’ என்று நாம் படிக்கிறோம். உண்மையில் அது சொல்வது ‘என்னிடமிருந்து மின்சாரம் போகவில்லை’ என்பது மட்டும்தான். பேட்டரி நிறைந்திருந்தாலும் போகாது, பேட்டரி கதவைச் சாத்திக்கொண்டிருந்தாலும் போகாது, வயர் அறுந்திருந்தாலும் போகாது, மூன்றுக்கும் அதே பச்சைதான்.

அப்புறம் பேட்டரியில் சார்ஜர் செருகும் துளை. நம் ஊர் ஈரப்பதத்தில் இதை அலட்சியமாக விடக் கூடாது. ரப்பர் மூடியைத் திறந்து கைபேசி விளக்கை அடித்துப் பாருங்கள். பித்தளைப் பளபளப்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறதா, முனை உள்ளே அமுங்கியோ சாய்ந்தோ இருக்கிறதா, பிளாஸ்டிக் கறுத்து உருகிய அடையாளம் இருக்கிறதா? லேசான பச்சைப் பூப்பு என்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரானிக்ஸ் பாகங்களுக்கென்றே விற்கும் துடைப்புத் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைத்து நன்றாகக் காய விடலாம். உலோகக் கம்பி, ஊசி, கத்தி எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே இருப்பது காலிப் பேட்டரி என்று நினைத்துக்கொண்டு விட்டால், அதுவும் ஷார்ட் ஆகும். உருகியிருந்தால் துடைத்துப் பயனில்லை, கடைக்குத்தான்.

பேட்டரியில் சாவியோ பொத்தானோ இருந்தால் அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். ரொம்ப நாள் சும்மா கிடந்தால் தன்னைத்தானே ஆழ்ந்த உறக்கத்தில் போட்டுக்கொள்ளும் பேட்டரிகள் உண்டு, பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தாலோ அதற்கே உரிய சார்ஜரை மாட்டினாலோ விழித்துக்கொள்ளும். கையேட்டில் எப்படி என்று போட்டிருப்பார்கள். இதற்காகச் சார்ஜரை மாட்டினால் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். அதற்குள் அசையவில்லை என்றால் ராத்திரி முழுக்க மாட்டி வைத்தாலும் அசையாது, ஆபத்துதான் மிச்சம்.

இப்போது பேட்டரியை அளக்கலாம்

வண்டியிலிருந்து பேட்டரியைக் கழற்றி, வண்டிக்கு மின்சாரம் கொடுக்கும் முனைகளில் மீட்டரை வைத்துப் பாருங்கள். 36 வோல்ட் பேட்டரியில் 30-க்கு மேல் காட்டினால் பேட்டரி ஒட்டுமொத்தமாகக் காலியாகிவிடவில்லை, இன்னொரு தடவை சார்ஜர் பக்கம் சந்தேகப்படுங்கள். 20-க்கும் 30-க்கும் நடுவில் என்றால் ஆழமாக இறங்கிவிட்டது, பலகை கதவைச் சாத்தியிருக்கிறது, பரிசோதிக்க வேண்டியவர் கடைக்காரர். 20-க்கும் கீழே என்றால் அந்தப் பேட்டரியின் மேல் ஆசை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. பூஜ்யம் என்றாலோ, அர்த்தமே இல்லாமல் இரண்டு மூன்று வோல்ட் காட்டினாலோ, அது செல்களின் நிலையைச் சொல்லவில்லை. பலகை வெளியே போகும் வழியை அடைத்திருக்கிறது, அல்லது அந்தப் பேட்டரி வண்டியோடு பேசினால்தான் மின்சாரம் விடும் வகை, அவ்வளவுதான்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மீட்டர் 34 வோல்ட் காட்டுகிறது, சார்ஜரும் நல்லது, துளையும் சுத்தம், ஆனாலும் ஏறவில்லை. ஏன்? ஒன்பது குழு தலா 3.6 வோல்ட்டில் நன்றாக இருந்து, ஒரே ஒரு குழு மட்டும் 1.8-க்கு விழுந்திருந்தாலும் மொத்தம் 34.2 வரும். வகுப்புச் சராசரி நன்றாக இருக்கிறது, ஒரு பிள்ளை மட்டும் ஃபெயில், சராசரியைப் பார்த்தால் அது தெரியாது. நம் மீட்டர் பார்ப்பது சராசரியை, பலகை பார்ப்பது ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பெண்ணையும். அது மறுப்பது நியாயம்தான். ஏதோ ஒரு குழுவில் பலவீனமான செல் ஒன்று மற்றவற்றைவிட வேகமாக இறங்கியிருக்கும், தினமும் ஓட்டிச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவரை அது வெளியே தெரிந்திருக்காது, மாதக்கணக்கில் சும்மா விட்டதும் இடைவெளி பெரிதாகிவிட்டது. நீண்ட ஓய்வுக்குப் பிறகு சார்ஜ் ஏறாத பேட்டரிகளில் இந்தக் கதை சகஜம்.

அந்தக் குழுவுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் ஏற்றிவிட்டால் என்ன? காணொளிகளில் நிறையப் பேர் இதைத்தான் செய்து காட்டுகிறார்கள். பலகையைத் தாண்டி வயரை நேராகச் செல்லில் கொடுத்து, இன்னொரு பேட்டரியால் ‘எழுப்பி’, விளக்கு எரிந்ததும் கைதட்டி முடித்துவிடுவார்கள். அதற்கு அப்புறம் அந்தப் பேட்டரி என்ன ஆனது என்று யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. ஒரு லித்தியம் செல் ரொம்பக் கீழே இறங்கி அப்படியே நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே இருக்கும் செப்புத் தகடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து திரவத்தில் கலக்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு இருந்த இடத்துக்கே திரும்பாமல் கண்ட இடத்தில் படியும், செல்லுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி பிறக்கும். இன்றைக்கு ஒன்றும் ஆகாது. சில வாரம் கழித்து, பேட்டரி பாட்டுக்கு சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஆகலாம்.

தனி வீட்டுக் கொட்டகையில் இருப்பவர் செய்யும் சோதனைக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பன்னிரண்டாவது மாடியில் செய்யும் சோதனைக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. மின்சைக்கிள், மின்ஸ்கூட்டர் போன்ற நடமாட்டச் சாதனங்கள் தீப்பிடித்த சம்பவங்கள் 2023-ல் 55, 2024-ல் 67 என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் கணக்கு. 2021-ல் உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் மின்தூக்கிக்குள் வாகனம் தீப்பிடித்து ஓர் இளைஞர் உயிரிழந்ததும் பலருக்கு நினைவிருக்கும். அதனால் பேட்டரி உப்பியிருந்தாலோ, தொட்டால் காரணமில்லாமல் சுட்டாலோ, நகப்பூச்சு அழிப்பான் மாதிரி இனிப்பு கலந்த வாடை வந்தாலோ, ‘உஸ்’ என்று சத்தம் கேட்டாலோ மேற்கொண்டு எந்தப் பரிசோதனையும் வேண்டாம். மின்தூக்கியில் தூக்கிக்கொண்டு கீழே ஓடவும் வேண்டாம். புகை வந்தால் வீட்டில் உள்ளவர்களை வெளியே கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு, தீயணைப்புக்கான 995-ஐ அழையுங்கள்.

கடைக்குப் போனால்

வண்டியை வாங்கிய கடைதான் முதல் இடம். வெறுமனே “சார்ஜ் ஏறலை” என்று சொல்லாமல், சார்ஜர் எத்தனை வோல்ட் காட்டியது, பேட்டரி எத்தனை காட்டியது, எத்தனை மாதம் சும்மா கிடந்தது என்று சொன்னால் அவருக்கும் வேலை மிச்சம், உங்களை ஏமாற்றவும் தயங்குவார். பெட்டியைத் திறந்தால் ஒவ்வொரு குழுவின் வோல்ட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாக் குழுவும் ஒரே அளவில் லேசாக இறங்கியிருந்தால் மெதுவாக ஏற்றிப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. செல்கள் சரியாக இருந்து பலகை மட்டும் பழுது என்றால் அதை மாற்றலாம். ஒரு குழு தரைமட்டம் என்றால் புதுப் பேட்டரிக்குக் காசு எடுத்துவைத்துவிடுங்கள். பழைய பெட்டிக்குள் எங்கிருந்தோ வந்த செல்களை வைத்துப் பாதி விலைக்குக் கட்டித் தருகிறேன் என்பவர்களிடம் நான் போக மாட்டேன். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் முத்திரை பெற்ற மின்சைக்கிளில் இஷ்டத்துக்கு மாற்றம் செய்வது இங்கே குற்றம், தயாரிப்பாளருடைய அசல் பேட்டரியையே பயன்படுத்தும்படி அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஊருக்குப் போகும்போது கொண்டுபோய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு தகவல். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் பெருக்கினால் 360 வாட்-மணி. பயணிகள் விமானத்தில் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரிக்கு 160 வாட்-மணிதான் உச்சவரம்பு. சாங்கி விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள்.

தேறாத பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்த்துக் குப்பை கொட்டும் துவாரத்தில் போடாதீர்கள், புளோக்கின் கீழே விட்டுவிட்டும் போகாதீர்கள். சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் மின்கழிவுக்கென்று முறையான சேகரிப்புத் திட்டம் இருக்கிறது. கடைத்தொகுதிகளில் பார்க்கும் மின்கழிவுத் தொட்டிகள் சின்னச் சாமான்களுக்கானவை, மின்சைக்கிள் பேட்டரியை அதில் திணிக்காமல், வாங்கிய கடையில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். அதுவரை முனைகளில் டேப் ஒட்டி, எரியக்கூடிய பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் வையுங்கள்.

அடுத்த முறை நீண்ட நாள் விடுவதாக இருந்தால் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி, முழுசாகவும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் பாதி அளவில் வையுங்கள். 36 வோல்ட் வகையில் 36 முதல் 38 வோல்ட், 48 வோல்ட் வகையில் 47 முதல் 49 வரை. வெயில் விழும் சன்னலோரம் வேண்டாம், வாசலை மறிக்கும் இடமும் வேண்டாம். எங்கள் வீடுகளில் பாம் ஷெல்ட்டர் எனும் பாதுகாப்பு அறைதான் எல்லாச் சாமானுக்கும் கிடங்கு, ஆனால் பழைய செய்தித்தாள் கட்டுக்கும் தீபாவளி அலங்காரப் பெட்டிக்கும் நடுவில் பேட்டரியைச் செருகி வைப்பது அவ்வளவு நல்ல யோசனை இல்லை. மாதம் ஒருமுறை அளந்து பார்த்து, இறங்கியிருந்தால் கண்ணெதிரே வைத்துக் கொஞ்ச நேரம் ஏற்றிவிட வேண்டும். ஊரில் இருக்கப்போகிறீர்கள் என்றால் இங்கே இருக்கும் யாரிடமாவது வீட்டுச் சாவியோடு மல்டிமீட்டரையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.